பூம் இறங்கினால் சீல்தான் காரணமா?

ஆம்பூர் டேனரி வளாகங்களில் டிராக்டர் லோடருக்கு ஓய்வு குறைவு. பச்சைத் தோலிலிருந்து உதறிய உப்பு, சதை சீவிய கழிவு, சுண்ணாம்பு, சுத்திகரிப்பு நிலையத்தில் உலர்ந்த சேறு என்று அள்ள வேண்டியவை நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பாலாற்றுப் படுகையின் மாசு குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தொழில் நடத்த முடியாது என்று ஆன பிறகு, சேற்றை அள்ளிக் கொட்டுவதும் நிரந்தர வேலையாகிவிட்டது. புது இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள், பழைய டிராக்டரின் முன்னால் லோடரைப் பொருத்தி ஓட்டுகிறார்கள். அந்த வண்டிகள் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே புகாரோடுதான் வருகின்றன.

"பாய், பூம் நிக்க மாட்டேங்குது. தானா எறங்குது. சீல் போயிடுச்சி, மாத்திக் குடுங்க."

"இருப்பா, அவசரப்படாத. மொதல்ல பக்கெட்ட தரையில வை."

நெடுஞ்சாலையோரப் பட்டறையில் பல வருடங்களாக ஹைட்ராலிக் வேலை பார்க்கும் அந்த மெக்கானிக், சீல் கிட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார். பிறகு ஹோஸ்களைப் பார்ப்பார். சிலிண்டரைக் கழற்றுவது அவருக்குக் கடைசி வேலை. இந்தப் பொறுமையில் விஷயம் இருக்கிறது. வண்டியோட்டிகளில் பலரும் நம்புவது போல, பூம் தானாக இறங்குவதற்குப் பிஸ்டன் சீல் முதல் குற்றவாளி அல்ல.

பூமைத் தூக்கும் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். பிஸ்டனுக்குக் கீழே எண்ணெய், மேலேயும் எண்ணெய். நெம்பை நடுவில் விட்டால் வால்வு இரண்டு வழிகளையும் அடைத்துவிடும். இப்போது சீல் கிழிந்திருந்தால் எண்ணெய் கீழ் அறையிலிருந்து மேல் அறைக்குப் போகும், உண்மைதான். ஆனால் பூம் இறங்க வேண்டுமென்றால் தண்டு சிலிண்டருக்குள் நுழைந்தாக வேண்டும். நுழையும் தண்டு அடைத்துக்கொள்ளும் இடத்துக்கு ஈடான எண்ணெய் சிலிண்டரை விட்டு வெளியேற வேண்டும். அது வெளியேற இருக்கும் வழி வால்வுதான். ஹோஸிலோ தண்டின் வாயிலோ கசிவு இருந்தால் அது கண்ணுக்கே தெரியும். ஆக, வால்வு கெட்டியாக இருந்தால் கிழிந்த சீலோடும் பூம் சற்றே அமுங்கி நின்றுவிடும்.

கிழிந்த சீல் செய்யும் கெடுதல் வேறு. 80 மில்லிமீட்டர் சிலிண்டரில் 40 மில்லிமீட்டர் தண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். சீல் நன்றாக இருக்கையில் முழுப் பிஸ்டனும் சுமையைத் தாங்கும். சீல் போனால் இரு அறைகளிலும் அழுத்தம் சமமாகி, தண்டின் பரப்பு மட்டுமே தாங்கும். அது பிஸ்டன் பரப்பில் நான்கில் ஒரு பங்கு. அதே சுமைக்கு எண்ணெயின் அழுத்தம் நான்கு மடங்காகிவிடும். ஏற்கெனவே தேய்ந்த வால்வு ஸ்பூல் அதைத் தாக்குப்பிடிக்காமல் எண்ணெயைக் கசியவிடும். புது சீல் போட்டதும் கொஞ்ச நாள் சரியானது போலத் தெரிவதும், பிறகு பூம் மறுபடி இறங்குவதும் இதனால்தான்.

வால்வா சிலிண்டரா என்று கண்டுபிடிக்க அந்த மெக்கானிக் கையாளும் முறைக்குச் செலவே இல்லை. பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, நெம்புகளை முன்னும் பின்னும் தள்ளி அழுத்தத்தை விடுவிப்பார். பிறகு பூம் ஹோஸ்களையும் பக்கெட் ஹோஸ்களையும் வால்வில் இடம் மாற்றி மாட்டுவார். இப்போது பூமை இயக்குவது பக்கெட்டின் ஸ்பூல். பூமைத் தரையிலிருந்து அரை அடி மட்டும் தூக்கிக் கவனிப்பார். பூம் அசையாமல் நின்றால் பழைய ஸ்பூல்தான் கசிகிறது. இப்போதும் இறங்கினால் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். ஸ்பூல் வகை வால்வு எதுவுமே நூறு சதவீதம் அடைக்காது. இரவு தூக்கி வைத்த பூம் காலையில் இறங்கியிருப்பது கோளாறே அல்ல. தூக்கி வைத்துவிட்டுப் போனதுதான் தவறு.

பக்கெட் சிலிண்டரின் கதை சற்று வேறு. அங்கே சுமை சில நிலைகளில் தண்டை வெளியே இழுக்கும். அப்போது சீல் கசிந்தாலே போதும், வால்வு நன்றாக இருந்தாலும் பக்கெட் கவிழும்.

தூக்கவே மறுக்கும் லோடர், மெதுவாகத் தூக்கும் லோடர் இரண்டையும் ஒரே நோயாகப் பார்ப்பவர்கள் அதிகம். பலம் அழுத்தத்தால் வருவது; வேகம் ஓட்டத்தால் வருவது. அழுத்தத்தை அளக்க ஒரு கேஜ் வேண்டும். பம்பிலிருந்து வரும் லைனில் அதை மாட்டி, சிலிண்டர் கடைசி வரை நகர்ந்து நின்ற பிறகும் நெம்பை ஒரு நொடி பிடித்தால் ரிலீஃப் வால்வு திறக்கும் அழுத்தம் தெரிந்துவிடும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் இது 2,000 முதல் 2,500 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்வது நல்லது. அளவு குறைந்தால் ரிலீஃப் வால்வின் இருக்கையில் தூசு சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கேஜ் இல்லாமல் ரிலீஃப் திருகை முறுக்கிப் பலம் ஏற்றுவது ஆபத்து. தூக்கும் பலம் கூடும், ஆனால் வெடிக்கப்போவது ஹோஸ், வளையப்போவது முன் ஆக்சில்.

கேஜில் அழுத்தம் சரியாகக் காட்டியும் பூம் மெதுவாக ஏறினால் பம்புக்குப் போகும் எண்ணெயைப் பாருங்கள். சக்ஷன் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே ரப்பர் படலம் உரிந்து வழியை மூடியிருக்கும். நசுங்கிய ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போலப் பம்ப் திணறி, கீச்சென்று ஊளையிடும். சக்ஷன் பக்கத்தில் கிளாம்ப் தளர்ந்தால் எண்ணெய் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். டேங்கில் நுரை பொங்குவதே அதற்கு அடையாளம். இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பில் கிரீஸைப் பூசிப் பார்க்கலாம். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாது, எண்ணெயை முழுதாக இறக்கியே ஆக வேண்டும்.

சித்திரை வெயிலில் இன்னொரு புகார் வரும். காலையில் ஜோராகத் தூக்குகிறது, மதியம் சோர்ந்துவிடுகிறது என்பார்கள். சூட்டில் எண்ணெய் இளகி, தேய்ந்த பம்பின் இடுக்கு வழியே உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடுவதுதான் காரணம். 40 டிகிரியைத் தாண்டும் இந்த வட்டாரத்தில், தனி டேங்க் உள்ள லோடருக்கு 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில் பொருத்தமானது. கியர்பாக்ஸ் எண்ணெயையே பகிர்ந்துகொள்ளும் வண்டிக்கு அதற்கென்று உள்ள டிராக்டர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குக்கூடப் பிரேக் ஆயில் கூடாது. நைட்ரைல் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும்.

ஏறிய பூம் இறங்கவே மறுத்தால் முதலில் குவிக் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் முழுதாக மாட்டாமல் இருந்தால் எண்ணெய் திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஆனால் தூக்கிய பூமின் அடியில் நின்று இதைச் செய்யக் கூடாது. பூமுக்கு உறுதியான முட்டு கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும்.

டேனரிப் பகுதிக்கே உரிய எதிரி உப்பு. சிலிண்டர் தண்டின் பளபளப்பு ஹார்டு குரோம் பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் உண்டு. உப்பு ஈரம் அவற்றில் இறங்கி அடியிலிருக்கும் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். பூச்சு பொரிந்து குழி விழும். ஒவ்வொரு முறை தண்டு ஏறி இறங்கும்போதும் அந்தக் குழியின் விளிம்பு சீலை அறுக்கும். தண்டின் மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் சீல் கிட் வாங்குவது வீண் செலவு. தண்டையே மாற்ற வேண்டும், அல்லது கடைந்து மறுபடி குரோம் ஏற்ற வேண்டும். உப்பு அள்ளிய அன்றே தண்டை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, பக்கெட்டைத் தரையில் இறக்கி நிறுத்தினால் தண்டின் பெரும்பகுதி உள்ளே பத்திரமாக இருக்கும்.

இந்த ஊரின் தொழிலுக்கும் ஹைட்ராலிக்குக்கும் பழைய சொந்தம் உண்டு. லண்டனில் ஜோசப் பிராமா 1795இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் அழுத்தியைக் கசியாமல் காத்தது தோல் வளையம்தான். கிராமத்துக் கை பம்புகளிலும் நெடுங்காலம் தோல் வாஷர்களே தண்ணீரைப் பிடித்து நிறுத்தின. ரப்பர் வந்த பிறகு அந்த இடம் நைட்ரைலுக்கும் பாலியூரித்தேனுக்கும் போயிற்று.

கடைசியாக ஒன்று. ஹோஸில் நூலிழை போலக் கசிவு தெரிந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டை நீட்டுங்கள். அழுத்தத்தில் வரும் எண்ணெய் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் ஏறும். முதலில் ஊசி குத்தியது போலத்தான் இருக்கும். வலியும் அதிகம் இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கினால் விரலை, சில நேரம் கையையே இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் காயம் சின்னது என்று வீட்டுக்குப் போகாமல், கை அறுவைசிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். ஊசி குத்தியது என்று சொல்லாமல், ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.