அளந்த பிறகு மாற்றுங்கள்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அமெரிக்காவில் வாழ்ந்த மாமா விட்டுச்சென்ற பழைய ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்ளிஃபையர் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததையும், ஆசையோடு கிட்டாரைச் செருகியபோது ஓயாத முனகல் ஒன்றுதான் பெரிதாகக் கேட்டது என்பதையும் எழுதியிருந்தீர்கள். வாசித்தால் ஒலி மங்கலாக வருகிறது. வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் முனகல் மாறுவதில்லை. பார்த்த மெக்கானிக், "வால்வு, கண்டன்சர், ரெசிஸ்டர் எல்லாத்தையும் புதுசா போட்டுடலாம்" என்கிறார். சரி என்று சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். எங்கே கோளாறு என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால், கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால், கையில் இருப்பது அதே கோளாறுள்ள, ஆனால் பழைய உறுப்புகளை இழந்துவிட்ட ஒரு பெட்டி. பழைய வால்வு ஆம்ப் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில், உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 5எஃப்1 என்று அச்சாகியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ட்வீட் துணி போர்த்திய இந்த வகை சாம்ப், 1950-களின் நடுவிலிருந்து 1964 வரை கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் செய்யப்பட்டது. அதே காகிதத்தில் இரண்டு எழுத்துகள் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 'ஏ' என்றால் 1951. அப்படியே எண்ணிக்கொண்டு வந்தால் 'ஜே' 1960. 'ஜேசி' என்றிருந்தால் 1960 மார்ச். உள்ளே மூன்றே வால்வுகள்: கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6, ஏசியை டிசியாக்கும் 5ஒய்3. மொத்தம் 5 வாட் அளவுக்குத்தான் சக்தி. எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று. இவ்வளவு எளிய சர்க்யூட் என்பதால், பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

இனி அதைச் செருகும் முன் இரண்டு காரியங்கள். ஒன்று வோல்ட்டேஜ். அமெரிக்காவில் விற்ற சாம்ப், 117 வோல்ட் அளவிலான மின்சாரத்துக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் சரியாக இல்லாவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மரே எரியும். ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். மேலும் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்தது. நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். ஆகவே ஸ்டெப்-டவுன் 110 வோல்ட் தருவதாக இருந்தால் நல்லது, 120-ஐத் தாண்ட வேண்டாம்.

இரண்டாவது எர்த். அந்தக் காலத்து சாம்ப்களுக்கு இரண்டு முனைப் பிளக்தான். கிட்டாரின் கம்பிகள், கேபிளின் உறை வழியாக ஆம்பின் சேஸிஸோடு இணைந்திருக்கின்றன. சேஸிஸில் மின்சாரம் கசிந்தால் அது வாசிப்பவரின் விரலுக்கு வரும். அவர் உதடு மைக்கைத் தொட்டால் உடல் வழியே பாயும். ஆகவே மூன்று முனை ஒயர் போட்டு, பச்சை ஒயரைச் சேஸிஸில் உறுதியாகத் திருகிப் பற்ற வைக்கச் சொல்லுங்கள். மின் ஒயருக்கும் சேஸிஸுக்கும் நடுவே சிறு கண்டன்சர் ஒன்று இருந்தால், அதைக் கழற்றிவிட வேண்டும். அது ஷார்ட் ஆனால் உயிருக்கே ஆபத்து. சந்தையில் விற்கும் பல ஸ்டெப்-டவுன் பெட்டிகளில் வெளியே வரும் பக்கம் எர்த் இருப்பதில்லை; வீட்டுச் சுவரில் எர்த் துளை இருந்தும் உள்ளே ஒயர் இல்லாத இடங்களும் உண்டு. இரண்டையும் எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். பழமையைக் காப்பது நல்லதுதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பழையது வேண்டவே வேண்டாம்.

சேஸிஸைத் திறந்தால் உள்ளே 350 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கிறது. ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். சில ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடித்து, மீட்டரில் வோல்ட்டேஜ் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளப்பதென்றால் ஒரு கையால் மட்டும். மற்றொரு கை பைக்குள் இருக்கட்டும். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். இதில் பழக்கம் இல்லாவிட்டால் நீங்கள் செய்யாதீர்கள். பழக்கமுள்ளவரிடம் உட்கார்ந்து, எதை எதற்காக அளக்கிறார் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டவும் கூடாது. சுமை இல்லாத அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் திடீரென ஏறும் வோல்ட்டேஜ் அதன் சுற்றையே துளைத்துவிடும்.

பல நாள் ஓடாமல் கிடந்த ஆம்பை முதலில் ஓட்ட, மின் வழியில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைப்பது பழைய, நம்பகமான முறை. எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. போட்டவுடன் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றுவிட்டால் உள்ளே எங்கோ ஷார்ட். பல்பு அந்த மின்னோட்டத்தைத் தன்மேல் ஏற்று ஆம்பைக் காப்பாற்றிவிட்டது.

இப்போது உங்கள் முனகலுக்கு வருவோம். மீட்டரை எடுக்கும் முன் காதால் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வால்யூமைத் திருப்பினாலும் முனகல் மாறவில்லை என்றீர்கள். அந்த ஒரு வரி பாதி ஆம்பை விசாரணையிலிருந்து விடுவிக்கிறது. கோளாறு கிட்டாரிலோ கேபிளிலோ முதல் கட்டத்திலோ இருந்தால், வால்யூமோடு முனகலும் ஏறி இறங்கியிருக்கும். ஆகவே அது வால்யூமுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்து, ஆம்பை அணைத்து 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு, அது இல்லாமலே ஆம்பை மீண்டும் போட்டுப் பாருங்கள். முனகல் அப்படியே இருந்தால் அந்த வால்வுக்கும் முனகலுக்கும் சம்பந்தமில்லை. பவர் சப்ளையிலோ 6வி6 பகுதியிலோ தேட வேண்டும்.

பிறகு முனகலின் சுருதி. உங்கள் கிட்டாரின் ஆறாவது கம்பியை மூன்றாவது கட்டில் அழுத்தி மீட்டினால் 98 ஹெர்ட்ஸ். முனகல் ஏறக்குறைய அந்தச் சுருதியில் இருந்தால் அது 100 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கிய பின் மிஞ்சும் அலையைச் சமன் செய்ய வேண்டிய ஃபில்டர் கண்டன்சர்கள் உலர்ந்துவிட்டன என்று பொருள். ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ். அது பெரும்பாலும் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரிலிருந்தோ எர்த் இணைப்பிலிருந்தோ வருவது. அமெரிக்கப் புத்தகங்களில் 120, 60 என்று இருக்கும். நம் ஊர் மின்சாரத்துக்கு இந்தக் கணக்குத்தான். சாம்பில் ஒரே ஒரு அவுட்புட் வால்வு. இரண்டு வால்வு எதிரெதிராக இழுக்கும் பெரிய ஆம்ப்களில் முனகலின் ஒரு பகுதி தானாகவே அடிபட்டுப்போகும். இதில் அந்த வசதி இல்லை. அதனால் ஸ்பீக்கருக்கு அருகில் காதை வைத்தால் சிறு முனகல் கேட்பது இதற்கு இயல்பு. வாசிப்பை மறைக்கும் அளவு முனகல் மட்டுமே கோளாறு.

அடுத்து மீட்டர். கறுப்பு முனையைச் சேஸிஸில் கவ்வவிட்டு இவற்றை அளந்து ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். 5ஒய்3-இன் எட்டாவது பின்னில் 350 வோல்ட் அளவு இருக்க வேண்டும். 6வி6-இன் மூன்றாவது பின்னில் அதைவிடச் சற்றுக் குறைவு. நான்காவதில் 300 அளவு. எட்டாவதில் 19 அளவு. 12ஏஎக்ஸ்7-இன் ஒன்றாவது, ஆறாவது பின்களில் 150-ஐ ஒட்டி. பத்து சதவீதம் கூடக் குறைய இருந்தால் கவலை வேண்டாம். ஒன்றாவது பின்னில் சப்ளையின் முழு வோல்ட்டேஜும் நின்றால் அந்த வால்வில் மின்னோட்டமே இல்லை. வால்வு செத்திருக்கும் அல்லது அதன் கேத்தோடு ரெசிஸ்டர் அறுந்திருக்கும்.

6வி6-இன் எட்டாவது பின் தனியாகக் கவனிக்க வேண்டியது. அங்கே 470 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 19-ஐ 470-ஆல் வகுத்தால் 40 மில்லிஆம்பியர். அதாவது அந்த வால்வு தன் எல்லையான 12 வாட்டை ஒட்டியே எப்போதும் உழைக்கிறது. அங்கே 25 வோல்ட் காட்டினால் வால்வு அளவுக்கு மீறி இழுக்கிறது. உடனே வால்வைக் குற்றம் சொல்லாமல் ஐந்தாவது பின்னை அளக்க வேண்டும். அது பூஜ்யமாக இருப்பதுதான் முறை. ஒன்றிரண்டு வோல்ட் பாசிட்டிவ் இருந்தால், முன் கட்டத்திலிருந்து சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கண்டன்சர் கசியலாம். ஐந்தாவது பின்னை ஒட்டிய அதன் முனையைப் பற்றிலிருந்து விடுவித்து அளந்தால் தெரிந்துவிடும்: கண்டன்சர் முனையில் வோல்ட்டேஜ் நின்றால் அதுவே குற்றவாளி, இல்லாவிட்டால் வால்வு. கண்ணாடிக்குள் ஹீட்டர் ஆரஞ்சாக ஒளிர்வதும் கண்ணாடியின் உட்புறம் நீலச் சாயல் படர்வதும் சாதாரணம். உலோகத் தகடே சிவந்து பழுத்தால் அந்த நொடியே அணைத்துவிடுங்கள்.

மீட்டரை ஏசிக்கு மாற்றி ஃபில்டர் கண்டன்சர்களையும் பார்க்கலாம். முதலாவதில் சில வோல்ட் ஏசி இருப்பது இயல்பு. இரண்டாவதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அது வேலை செய்யவில்லை. ஆம்பை அணைத்து, வடித்துவிட்டு, நல்ல கண்டன்சர் ஒன்றை அதன் குறுக்கே கவ்வவிட்டு மீண்டும் போட்டால் முனகல் அடங்குகிறதா என்று பார்த்துவிடலாம். உங்கள் ஆம்பில் ஒலியும் மங்கலாக இருப்பதால், 470 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே உள்ள 25 மைக்ரோஃபாரட் கண்டன்சரையும் இதே முறையில் சோதிக்க வேண்டும். அது உலர்ந்தால் 6வி6-இன் வலு குறையும், கீழ்ஸ்தாயி மெலியும். நீங்கள் எழுதிய இரண்டு அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால், என் ஊகம் இந்த எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள்மேல்தான் போகிறது. அதை உறுதிசெய்ய வேண்டியது மீட்டர்.

உறுதியானால் அவற்றை மாற்றுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்குள் ஈரமான ரசாயனம் இருக்கிறது. அறுபது ஆண்டில் அது காய்ந்துபோவது இயற்கை. பழைய 16, 8, 8 மைக்ரோஃபாரட்டுக்குப் பதில் ஏறக்குறைய அதே அளவில், 500 வோல்ட் தாங்குபவற்றைப் போடலாம். முதலாவதை மட்டும் மிகப் பெரிதாக்க வேண்டாம். 5ஒய்3 வால்வுக்கு அது சுமை. வாசிக்கும்போது பொரிவதுபோல் சத்தம் வந்தால், 1,00,000 ஓம் பிளேட் ரெசிஸ்டர்களை மூங்கில் குச்சியால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். சத்தம் தருவதை மட்டும் மாற்றுங்கள்.

மற்றவை அப்படியே இருக்கட்டும். ட்ரான்ஸ்ஃபார்மர்கள், ஸ்பீக்கர், கசியாத கப்ளிங் கண்டன்சர்கள், அளவு மாறாத ரெசிஸ்டர்கள் ஆகியவை சேர்ந்துதான் அந்த ஆம்பின் குரல். 1970-இல் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் லைலா ஆல்பத்துக்காக மயாமி ஸ்டூடியோவில் வாசித்தபோது இத்தகைய சிறு சாம்பையும் பயன்படுத்தினார். ட்ரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் எண் இருந்தால் அது ஷூமேக்கர் கம்பெனி செய்தது. பெரும்பாலும் ஆம்போடு பிறந்தது. கழற்றும் ஒவ்வோர் உறுப்பையும் ஒரு பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அது வரலாறு.

வால்வு மாற்ற வேண்டி வந்தால் கிடைக்காதோ என்று அஞ்ச வேண்டாம். ஸ்லோவாகியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள். 12ஏஎக்ஸ்7-இன் ஐரோப்பியப் பெயர் இசிசி83. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த வால்வுகளில் அதுவும் ஒன்று. பழைய ரேடியோ மெக்கானிக்குகளிடம் இன்னும் அகப்படலாம். 5ஒய்3 வாங்கினால் மட்டும் கவனம்: அந்தப் பெயரில் இப்போது விற்பவற்றில் சில, பழையதைவிடக் கூடுதல் வோல்ட்டேஜ் தரும். போட்டபின் எல்லாப் பின்களையும் மறுபடி அளக்க வேண்டும்.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. லியோ ஃபெண்டர் ஆம்ப் செய்யத் தொடங்கும் முன், 1938 முதல் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை நடத்தியவர். அவர் செய்த பெட்டியில் அந்தக் கை தெரிகிறது. சிறு உறுப்புகள் பெரும்பாலும் ஒரே பலகையில், கண்ணுக்கு எதிரே, சால்டரிங் அயர்ன் எட்டும் இடத்தில் கையால் பற்ற வைக்கப்பட்டிருக்கின்றன. எது எங்கே இணைகிறது என்ற வரைபடத்தையும் ஃபெண்டர் கம்பெனி வெளியிட்டது. பிறகு ஒருவர் திறப்பார், அளப்பார், சரிசெய்வார் என்று எதிர்பார்த்தே கட்டிய கருவி அது. அளக்காமல் எல்லாவற்றையும் மாற்றுவது அந்த எதிர்பார்ப்பைப் புறக்கணிப்பதாகும். நம் ஊரில் வால்வு ரேடியோ பார்த்த தலைமுறைக்கு இந்த ஒழுக்கம் நன்றாகவே தெரியும். அவர்களில் ஒருவர் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால், கிட்டார் ஆம்ப் என்று சொல்லித் தயங்காமல் அவரிடம் எடுத்துச் செல்லுங்கள். சாம்பின் சர்க்யூட் அவருக்குப் பழகிய பாதைதான்.

உங்கள் மெக்கானிக்கையும் விலக்க வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தைக் காட்டி, முதலில் அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு பின்களின் வோல்ட்டேஜ், முனகலின் சுருதி, 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றியபோது என்ன ஆனது என்ற மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். எதை மாற்றுவது என்று அதன்பின் முடிவு செய்வோம். எர்த் ஒயரை மட்டும் இன்றே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்