கண்டி வீதியில் ஓர் இலக்கணப் பாடம்



நாம் வாழும் இவ்விடத்தைச் சோனாப்பூர் என்கிறோம். அரசாங்க வரைபடத்தில் இதன் பெயர் முகைஸ்னா. 'சோனா' என்பது இந்தியில் பொன். 'பூர்' என்பது ஊர். இப்பெயரை இட்டவர் அரசர் அல்லர். இங்கே தங்கி உழைத்த தொழிலாளரே. ஊர்ப்பெயர் என்பது அவ்வூர் மக்கள் தம் வாயால் எழுதிய வரலாறு ஆகும். இவ்வுண்மையை இலங்கையின் நெடுவீதி ஒன்றின் வழியே சென்று கற்போம்.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைப்பது ஏ-9 வீதி. இதன் நீளம் 321 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தார் இதனைக் 'கண்டி வீதி' என்பர். கண்டி மலைநாட்டிலிருந்து இறங்கி, மாத்தளை, தம்புள்ளை, மிகிந்தலை, மதவாச்சி ஆகிய ஊர்களைக் கடந்து, வவுனியாவை அடைகிறது. இடையிலே குளிர்ந்த மலை மறைந்து, மழை குறைந்த வறண்ட வலயம் தொடங்குகிறது. ஆண்டின் சில திங்களே அங்கு மழை பெய்யும். அந்நீரைத் தேக்கினால்தான் நெல் விளையும். ஆகவே முன்னோர் குளங்களைக் கட்டினர். சிங்கள மக்கள் 'வெவ' என்பதும், நாம் 'குளம்' என்பதும் ஒன்றே.

வவுனியாவுக்கு வடக்கே செல்வோர் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்னும் பெயர்ப்பலகைகளை அடுத்தடுத்துக் காண்பர். இங்கே ஓர் இலக்கணத்தைக் கவனியுங்கள். மா என்னும் மரப்பெயரோடு குளம் சேரும்போது 'மாக்குளம்' என்று வராமல், ககரத்தின் இனமாகிய ஙகர மெய் தோன்றி 'மாங்குளம்' என்றாயிற்று. 'மாங்காய்' என்பதும் அவ்வாறே. புளி என்பது 'அம்' சாரியை பெற்றுப் 'புளியங்குளம்' ஆயிற்று. நன்னூலைப் படிக்காத உழவனும் பிழையின்றி இவ்விதியின்படியே பெயரிட்டான்!

மாங்குளத்தைக் கடந்தால் முறிகண்டிப் பிள்ளையார் கோயில். வாகனங்கள் நின்று, தேங்காய் உடைத்த பின்பே செல்வது வழக்கம். பயணிகள் அங்கே கச்சான் வாங்குவர். அடுத்தது கிளிநொச்சி; கிளியும் நொச்சிமரமும் சேர்ந்த பெயர். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம் இவ்வூரின் வயல்களுக்கு நீரூட்டுகிறது. 'இரணை' என்றால் இரட்டை.

பரந்தனுக்கு அப்பால் ஆனையிறவு. பழந்தமிழில் 'இறத்தல்' என்பதற்குக் கடத்தல் என்றும் பொருளுண்டு. வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளை இவ்வழியே கடத்திக் கொண்டுபோய், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கப்பலேற்றி விற்றனர். அப்பால் பளை, கொடிகாமம், சாவகச்சேரி. கொடிகாமத்தில் உள்ள 'காமம்' என்பது ஊரைக் குறிக்கும், கதிர்காமத்திலும் அதுவே. சாவகர் குடியிருந்த சேரியே சாவகச்சேரி என்பர் ஆய்வாளர். பின்னர் கைதடி, நாவற்குழி கடந்து யாழ்ப்பாணம்.

இவ்வீதி பன்னெடுங்காலம் திறந்திருக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கான போக்குவரத்து இதன்வழி நின்றது. மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவிலே படகிற் கடந்தனர். போர்நிறுத்தத்தின் பயனாக 2002இல் வீதி திறந்தது; 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்த 2009இன் பின்னரே படிப்படியாகத் திறக்கப்பட்டது.

2006இல் நான் கிளிநொச்சியில் ஆசிரியனாக இருந்தேன். வகுப்பில், "இங்கிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?" என்று வினவினேன். ஏறத்தாழ 65 கிலோமீற்றர் என்பதே விடை. ஒரு சிறுவன் எழுந்து, "பாதை பூட்டு, சேர்" என்றான். அவனுடைய அம்மம்மா சாவகச்சேரியில் இருந்தார். அவ்விடையைப் பிழை என்று வெட்ட என் கை எழவில்லை. ஆயினும் மறுநாள் அவ்வீதியின் ஊர்களை வரிசையாக எழுதிக் கொடுத்து, எல்லாரையும் மனனஞ் செய்யச் சொன்னேன். பாதை பூட்டியிருப்பினும் பெயர்களை மறக்கலாகாது என்று எண்ணினேன்.

இன்று நம் பள்ளியில் "அப்பாவின் ஊர் எது?" என்று கேட்டால், சிலர் நாட்டின் பெயரை மட்டும் கூறி அமர்ந்துவிடுகின்றனர். நம் அயலிற் செல்லும் ஈ-311 வீதி ராஸ் அல் கைமா வரை செல்வதை அறிந்த பிள்ளைக்கு, தந்தையின் ஊருக்குச் செல்லும் வழி தெரியவில்லை. அது பிள்ளையின் குற்றமன்று. சொல்லிக் கொடாத நம் குற்றமே. பெற்றோர்களே, இவ்வாரமே சொல்லத் தொடங்குங்கள்.

பயிற்சி

1. பிரித்தெழுதுக: மாங்குளம், புளியங்குளம், ஆனையிறவு.

2. சேர்த்தெழுதுக: விளா + குளம், தாமரை + குளம். இரண்டும் வேறுபடுவது ஏன்?

3. தமிழ்நாடாயினும் இலங்கையாயினும், உங்கள் பெற்றோரின் ஊரிலிருந்து அருகிலுள்ள நகரம் வரையுள்ள பத்து ஊர்ப்பெயர்களைக் கேட்டு, வரிசையாக எழுதி வருக. அவற்றுள் குளம், ஏரி, ஊருணி, மரம் ஆகியவற்றாற் பெயர் பெற்றவை எவை?