சங்கீதத்தைச் சொல் சொல்லாய் வாசித்தல்

அடக்கப் பூசையிலே ஆயன் சங்கீதத்தைக் கேட்டிராதவர் நம்மில் அரிது. நன்றாய்த் தெரிந்த பாட்டாகையால் வாய் தானாய் ஓடிவிடுகிறது, கண் வாசிப்பதில்லை. செய்யுளைக் கூர்ந்து வாசிக்கும் முறையை இதைக் கொண்டே பழகுவோம். வேதாகமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இலத்தீன் எண்ணிக்கையில் இது 22-ம் சங்கீதம். இப்போது வழங்கும் திருவிவிலியத்தில் 23.

உடனே கருத்தைத் தேட வேண்டாம். சிறு சொற்களைப் பாருங்கள். பேசுகிறவர் யாரோடு பேசுகிறார்? முதல் மூன்று வசனங்களிலே ஆண்டவர் படர்க்கையில் நிற்கிறார்: 'அவர்'. புல்லும் தண்ணீரும் உள்ள வரையில் பாடுகிறவர் ஆண்டவரைப் பற்றி நம்மிடம் சொல்லிக்கொண்டு போகிறார். நாலாம் வசனத்தில் வழி இருண்ட பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அங்கேதான் 'அவர்' மறைந்து 'நீர்' வருகிறது. இருட்டில் பிள்ளை தகப்பனைப் பற்றிப் பேசாது, தகப்பனைக் கூப்பிடும்.

துக்க வீட்டிலே ஒரு தாய், "ஆண்டவரே, எங்கே போனீர்?" என்று அரற்றுகிறாள். "அப்படிச் சொல்லாதே அம்மா" என்று நாம் அவளை அடக்கப் பார்க்கிறோம். அவள் நிற்பது நாலாம் வசனத்தில்; நாமோ இன்னும் முதல் வசனத்தில் நின்றுகொண்டு அவளுக்குப் புத்தி சொல்லுகிறோம்.

எபிரேய மூலத்தில், ஆண்டவர் தம்மோடு இருப்பதைப் பாடுகிறவர் மூன்றே சொற்களில் சொல்லுகிறார். தலைப்பை விட்டு எண்ணினால், அவற்றுக்கு முன்னே 26 சொற்கள், பின்னே 26. வேண்டுமென்றே வைத்த கணக்கா என்று வாதாடுகிறவர்கள் வாதாடட்டும். பாட்டின் நடுமையம் அதுதான்.

ஐந்தாம் வசனத்தில் மந்தையைக் காணோம். பந்தி, தலைக்கு எண்ணெய், நிறைந்த பாத்திரம்: ஆயனே விருந்திடுகிறவராகிவிட்டார். பகைவர் போய்விடவில்லை, எதிரிலேயே இருக்கிறார்கள்.

கடைசி வசனத்தில் ஒரு வினைச்சொல். நன்மையும் இரக்கமும் பின்தொடருவதாக வாசிக்கும்போது நமக்கு அது சாதுவான சொல்லாய்த் தோன்றும்; ஆட்டுக்குட்டியும் பின்தொடரும். எபிரேயச் சொல்லோ பகைவன் துரத்திவருவதற்கும் வழங்குவது. இத்தனை நாள் பகைவர் துரத்திய மனிதனை இப்போது இரக்கம் துரத்துகிறது.

வீட்டில் செய்ய: இன்றிரவு செபமாலைக்குப் பின் 12-ம் சங்கீதத்தை (புதிய எண் 13) பிள்ளைகள் வாசிக்கட்டும். சிறியதுதான். அங்கே 'நீர்' முதலில் வருகிறது, 'அவர்' பிறகு. மாறுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.