மாரடைப்புக்குப் பிறகு யாருக்கு ஆபத்து அதிகம்?



தளி பக்கம் கூட்டங்களுக்குப் போனால் எங்களிடம் கேட்கிற கேள்வி இது: "அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சு கூட்டிட்டு வந்துட்டோம். இனி பயமில்லைதானே மேடம்?" எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. அடுத்து யாருக்கு ஆபத்து வரலாம் என்பதை டாக்டர்கள் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள், ஜோசியம் இல்லை.

1967-ல் அமெரிக்காவில் கில்லிப், கிம்பால் என்ற இரண்டு டாக்டர்கள் 250 நோயாளிகளைப் பார்த்து எழுதினார்கள். நுரையீரலில் நீர் கோத்த சத்தம் கேட்காதவர்களில் நூற்றுக்கு 6 பேர் இறந்தார்கள். பிரஷர் விழுந்து, உடம்பு சில்லிட்டுப் போனவர்களில் 81 பேர். அப்போது ஸ்டென்ட் கிடையாது, இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தச் சோதனையை இன்றும் விடவில்லை. 'கிரேஸ்' என்ற இப்போதைய கணக்கில் அதோடு வயது, நாடித்துடிப்பு, பிரஷர், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின், ஈ.சி.ஜி. மாற்றம், ரத்தப் பரிசோதனை, வந்தபோது இதயம் நின்றதா என்பது எல்லாம் சேரும்.

வீட்டுக்கு வந்த பிறகு முக்கியமானது எக்கோ. அந்த ரிப்போர்ட்டில் 'இ.எஃப்.' என்று ஒரு எண் இருக்கும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. 55-க்கு மேல் என்றால் நல்லது. 40-க்குக் கீழே என்றால் இதயம் பலவீனம். 35-ம் அதற்குக் கீழும் என்றால் துடிப்பு திடீரெனத் தாறுமாறாகும் ஆபத்து உண்டு. அடிபட்ட இதயம் மாத்திரையால் தேறவும் செய்யும். அதனால்தான் 6 வாரத்திலிருந்து 3 மாதத்துக்குள் இரண்டாவது எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு நாள் கூலி போகும், ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் செலவு, "இப்ப நல்லாத்தானே இருக்காரு" என்று விட்டுவிடுகிறோம். நோயாளி பெண்ணாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். அந்தச் செலவுக்குக் குழுவில் அவசரக் கடன் கேட்பதில் தப்பே இல்லை.

மாத்திரையும் அப்படித்தான். ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை, பொதுவாக ஒரு வருஷம் தருவார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிவிடலாம்.

படுத்தால் மூச்சு முட்டுவது, கால் வீக்கம், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ எடை ஏறுவது இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ 108-தான். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் அசதி, முதுகு வலி, தாடை வலி என்று வரலாம். "கேஸ்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள்.

2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் தன்னார்வலர் வரும்போது பிரஷர், சர்க்கரை பார்த்து நோட்டில் எழுதி வாங்குங்கள். அந்த நோட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, இரண்டு எக்கோ ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில், வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். ராத்திரியில் ஆம்புலன்ஸ் வந்தால் பையோடு ஏறுங்கள்.