விளைச்சலை அளந்தவர்: பி. வி. சுகாத்மே

டில்லி மாநகரில் கரோல் பாக்கை அடுத்து மேற்கே பூசா வளாகத்தின் ஆராய்ச்சி வயல்கள் பரந்து கிடக்கின்றன. வேளாண்மைப் புள்ளியியலுக்கான ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே அமைந்துள்ளது. அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் பாண்டுரங்க வாசுதேவ சுகாத்மே (1911–1997). படிப்பால் இவர் புள்ளியியலாரே. எனினும் இவர் ஆராய்ந்தது பொருளாதாரத்தின் மூலக் கேள்வியாகும். நாட்டில் எவ்வளவு உணவு விளைகிறது, அது எத்தனை பேருக்குப் போதவில்லை?

1940-இல் இவர் வேளாண்மை ஆராய்ச்சிக் கவுன்சிலில் சேர்ந்தபோது, விளைச்சல் பெரும்பாலும் கண் மதிப்பாலேயே கணிக்கப்பட்டது. நிறை விளைச்சலைப் பதினாறு அணா எனக் கொண்டு, அவ்வாண்டுப் பயிர் எத்தனை அணா தேறும் என்று கிராம அலுவலர் எழுதுவார். வரித் தள்ளுபடிக்கு இம்முறை உதவலாம். பஞ்ச காலத்தில் தானியத்தைப் பங்கிட உதவாது. 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் இக்குறையை வெட்டவெளிச்சமாக்கியது.

சுகாத்மே வகுத்த முறையில் கிராமம், வயல், வயலினுள் அறுக்கும் இடம் ஆகிய மூன்றும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படும். அவ்விடத்தை அளந்து, அறுத்து, அடித்து, தானியத்தை நிறுப்பர். இதற்கெனத் தனிப் படை திரட்டாமல், ஏற்கெனவே இருந்த வருவாய், வேளாண்மைத் துறை ஊழியர்களையே அவர் பயன்படுத்தினார்.

அறுக்கும் இடம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? இது குறித்துப் பேராசிரியர் மகலனோபிஸுடன் கடும் விவாதம் மூண்டது. சிறு வட்டங்களைப் பல இடங்களில் அறுத்தால் செலவு குறையும், பரப்பும் விரியும் என்பது மகலனோபிஸின் வாதம். அதில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் எல்லைக் கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்து அறுப்பது மனித இயல்பு. 2 அடி ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 12.6 சதுர அடி, சுற்றளவும் 12.6 அடி. அதாவது ஒவ்வொரு சதுர அடிக்கும் ஓர் அடி எல்லை. 33 அடி நீளமும் 16.5 அடி அகலமும் உடைய பாத்தியிலோ (ஏக்கரில் 80-இல் ஒரு பங்கு) சதுர அடிக்கு 0.18 அடி எல்லையே உண்டு. ஆகவே சிறு பாத்திகள் விளைச்சலை மிகைப்படுத்தும் என்பதைச் சுகாத்மே வயல் சோதனைகளால் நிறுவி, 1946-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். பயிர் அறுவடைப் பரிசோதனையில் இன்று பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டர் சதுரம் அளக்கும் ஊழியர், கயிற்றை இறுகக் கட்டுவதன் காரணம் இதுவே.

1951-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தில் புள்ளியியல் இயக்குநரானார். உலக மக்களில் மூன்றில் இரு பங்கினர் பட்டினி என்ற பேச்சு அந்நாளில் பரவியிருந்தது. 1961-இல் சுகாத்மே, போதிய கலோரி பெறாதோர் நூற்றுக்கு 10 முதல் 15 பேர் எனக் கணக்கிட்டார். சத்துக்குறையையும் சேர்த்தால் தொகை பாதி வரை எட்டலாம் என்றார்.

நாடு திரும்பிய பின் அவர் கூறிய கருத்து மேலும் சர்ச்சைக்குள்ளாயிற்று. ஒரே மனிதனின் உணவுத் தேவையும் நாளுக்கு நாள் மாறுபடும். ஆகவே சராசரித் தேவைக்குக் குறைய உண்பவர் அனைவரையும் பட்டினியாளர் எனக் கொள்ளலாகாது என்றார். பொருளாதார அறிஞர் வி. எம். தாண்டேகர் இதனை ஏற்கவில்லை. அளவுகோலைத் தாழ்த்தினால் உண்மையில் பசித்திருப்போர் பலர் கணக்கிலிருந்து மறைந்துவிடுவர் என்று அவர் மறுத்தார்.