சிலிண்டரின் கழுத்தில் எழுதியிருப்பதைப் படித்தல்

நுரையீரல் நோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் சிலருக்கு மருந்துகளோடு வீட்டு ஆக்சிஜனும் பரிந்துரைக்கப்படுகிறது. மாத்திரை அட்டையின் பெயரையும் காலாவதித் தேதியையும் கவனித்து வாங்கும் குடும்பத்தினர், சிலிண்டர் வாசலில் வந்து இறங்கும்போது மட்டும் அதனை ஓர் இரும்புச் சாமானாகவே கருதிக் கையொப்பமிட்டு விடுகின்றனர். மருத்துவ ஆக்சிஜன் நமது நாட்டுச் சட்டப்படி ஒரு மருந்து. அதன் தூய்மை 99 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்று இந்திய மருந்துத் தர நூல் வரையறுக்கிறது. எனவே சிலிண்டருக்கும் ஒரு பெயர், ஒரு தொகுதி எண், ஒரு தேதி உண்டு. அவற்றை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது என்பதே இந்த இதழின் பாடம்.

இது வெறும் அலுவலகச் சடங்கு அன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்திற்குத் திரவ ஆக்சிஜன் கலங்கள் வந்து இறங்கின. அவற்றினிடையே நைட்ரஜன் நிரம்பிய கலம் ஒன்றும் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. அந்தக் கலத்தில் ஆக்சிஜன் என்ற லேபிளும் இருந்தது. அதன் மேல் பாதியை மறைத்தபடி நைட்ரஜன் என்ற லேபிளும் இருந்தது. ஆக்சிஜன் குழாய் அதனோடு பொருந்தவில்லை. அது இயல்பு, வாயுவுக்கு வாயு இணைப்பு வேறாகவே செய்யப்படுகிறது. ஆனால் பணியாளர் ஒருவர் காலியான ஆக்சிஜன் கலத்திலிருந்து இணைப்பைக் கழற்றி இதில் பொருத்திவிட்டார். நான்கு முதியோர் இறந்தனர். நைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. அதை மட்டுமே சுவாசிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது என்ற உணர்வுகூடப் பெரும்பாலும் தோன்றுவதில்லை. காப்பாற்றக் கூடியனவாக அங்கே இரண்டே பொருள்கள் இருந்தன. ஒன்று லேபிள், மற்றொன்று பொருந்த மறுத்த இணைப்பு. பின்னாளில், 2016இல், பெரிய குளிர்திரவக் கலங்களின் இணைப்பை எளிதில் கழற்ற இயலாதவாறு பொருத்த வேண்டும் என்றும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வாயுவின் பெயர் தெரியுமாறு கலத்தைச் சுற்றி லேபிள் ஒட்ட வேண்டும் என்றும் அந்நாட்டில் விதி செய்யப்பட்டது.

நமது நாட்டில் இவற்றை ஆள்வது 2016ஆம் ஆண்டின் எரிவாயு சிலிண்டர் விதிகள். நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றைச் செயற்படுத்துகிறது. சிலிண்டரில் என்ன வாயு உள்ளது, அதனை நிரப்பியவர் யார், அவர் முகவரி என்ன என்பன லேபிளில் இருந்தாக வேண்டும். அதனோடு எச்சரிக்கை ஒன்றும் வேண்டும்: சிலிண்டரின் நிறத்தை மாற்றாதீர், இப்போதுள்ள வாயுவைத் தவிர வேறெதையும் நிரப்பாதீர், எளிதில் தீப்பற்றும் பொருளை அருகில் வைக்காதீர், வால்வில் எண்ணெயோ கிரீசோ தடவாதீர், அடுத்த சோதனைத் தேதி கடந்திருந்தால் சிலிண்டரைப் பெற்றுக்கொள்ளாதீர். இந்தக் கடைசி வரி விற்பவரை நோக்கி எழுதப்பட்டதன்று. பெறுபவரை, அதாவது உங்களை, நோக்கி எழுதப்பட்டது.

அந்தத் தேதி எங்கே இருக்கிறது? வால்வுக்கும் சிலிண்டரின் கழுத்துக்கும் இடையே ஓர் உலோக வளையம் செருகப்பட்டிருக்கும். அதில் பொறித்திருப்பதே அடுத்த சோதனைத் தேதி. ஆக்சிஜன் சிலிண்டர் ஒவ்வொன்றும் வழக்கமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீர் அழுத்தச் சோதனைக்கு உட்பட வேண்டும். நிரம்பிய சிலிண்டரின் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் இருக்கிறது. துருப்பிடித்த சுவர் அதனை எத்தனை நாள் தாங்கும் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வளையத்தின் மேல் பெயிண்ட் படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைப் பிடித்துப் படியுங்கள்.

நிறத்தைப் பற்றிப் பலரும் கேட்கின்றனர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி மருத்துவ ஆக்சிஜனுக்குக் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும். தோளும் கறுப்பாகவே இருந்தால் அது தொழிற்சாலைக்கான ஆக்சிஜன். மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு நீலம். எனினும் நிறத்தை மட்டும் நம்புவதை நாங்கள் விரும்புவதில்லை. அமெரிக்காவில் ஆக்சிஜனுக்குப் பச்சை. அங்கிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இங்குள்ள கறுப்பு உருளையைக் கண்டு திகைப்பதும் உண்டு. 2021ஆம் ஆண்டின் பெருந்தொற்று அலையின்போது நைட்ரஜனுக்கும் ஆர்கானுக்கும் உரிய கலங்கள்கூட, உரிய தூய்மைப்பணிக்குப் பிறகு, ஆக்சிஜனுக்கு மாற்றப்பட்டன. பெயிண்ட் உரியும், மங்கும், சில வேளை பழைய நிறமே எட்டிப் பார்க்கும். முதலில் எழுத்தைப் படியுங்கள். நிறம் அதனோடு ஒத்துப்போகிறதா என்று பிறகு பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் சிலிண்டரைத் திறக்கவே வேண்டாம்.

சிலிண்டரோடு வரும் செலானுக்கும் இதே கவனம் தேவை. சிலிண்டரின் தோளில் குத்திப் பொறித்த வரிசை எண்ணும் செலானில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நிரப்பிய தேதியும் தொகுதி எண்ணும் லேபிளிலோ செலானிலோ காணப்பட வேண்டும். ஒரு தொகுதியில் குறை கண்டுபிடிக்கப்பட்டால் அது யார் வீட்டுக்குச் சென்றது என்பதை அறிய இந்த எண்ணைத் தவிர வேறு வழியில்லை. திருப்பிக் கொடுக்கும் காலி சிலிண்டரின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். முன்பணத் தகராறுகளில் பாதி இதனால் தீர்ந்துவிடும் என்பது எங்கள் அனுபவம்.

ஓர் இரவு, எங்கள் நோயாளி ஒருவரின் மகன் தொலைபேசியில் அழைத்தார். புதிதாக வந்த சிலிண்டரின் வளையத்தில் தேதி கடந்து இரண்டு மாதமாகிறது. கொண்டு வந்தவரோ, "எல்லா வீட்டுக்கும் இதுதான் சார் போகுது" என்கிறார். திருப்பி அனுப்புமாறு சொன்னோம். "அனுப்பிவிட்டால் அப்பா இரவு முழுவதும் என்ன செய்வார்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அன்று எங்கள் இருப்பிலிருந்து ஒன்றை அனுப்பிவைத்தோம். எல்லா நாளும் அப்படி இயலாது. விதியைச் சொல்வது எளிது. மாற்று சிலிண்டர் கையில் இருப்பவரால் மட்டுமே அதனைக் கடைப்பிடிக்க முடியும். ஆகவே, ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போதே நிறைந்த மற்றொன்றை வீட்டில் வைத்திருக்குமாறு அன்றுமுதல் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லி வருகிறோம்.

வண்டியைப் பற்றியும் சிறிது. இருசக்கர வாகனத்தில் சிலிண்டர் கொண்டு செல்வதை விதிகள் தடை செய்கின்றன. பின்னிருக்கையில் ஒருவர் மடியில் பிடித்துக்கொண்டாலும் அது தடைதான். தீப்பற்றும் வாயுவின் சிலிண்டரை வேறு வகை வாயுவோடு சேர்த்து ஏற்றலாகாது. ஆகவே சமையல் எரிவாயுவும் ஆக்சிஜனும் ஒரே வண்டியில் வரக் கூடாது. அபாயகரமான சரக்கை ஏற்றும் வண்டியின் ஓட்டுநர் அதற்கெனப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். கசிவோ தீயோ நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றைக் கூறும் 'ட்ரெம் கார்டு' அவரிடம் இருக்க வேண்டும். இவை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளன. வேறு வழியின்றி உங்கள் காரில் எடுத்துவர நேர்ந்தால், வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, உருளாமல் கட்டி, சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். காரில் எவரும் புகைக்கக் கூடாது. செலானையும் மருத்துவரின் சீட்டின் நகலையும் கையில் வைத்திருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் சிலிண்டரை விட்டுச் செல்லாதீர்கள்.

மருத்துவமனை முற்றத்திற்கு வரும் பெரிய டேங்கரின் பின்புறப் பலகையில் 1073 என்ற எண்ணைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது கடுங்குளிர்த் திரவ ஆக்சிஜனுக்கு உலகெங்கும் வழங்கும் எண். உங்கள் சிலிண்டரில் உள்ள அழுத்தப்பட்ட ஆக்சிஜனுக்கு 1072. பச்சைச் சாய்சதுரம் அழுத்த வாயுவையும், வட்டத்தின் மேல் சுடர் வரைந்த மஞ்சள் சாய்சதுரம் தீயை வளர்க்கும் தன்மையையும் குறிக்கும். டேங்கருக்குள் இருப்பது சுழியத்திற்குக் கீழே 183 டிகிரி குளிர்ச்சியில் உள்ள திரவம். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாகும். அதிலிருந்து வெண்புகை போல எழுவதைப் பார்க்கக் குழந்தைகள் கூடுகின்றனர். அருகே விட வேண்டாம்.

இறுதியாக ஒரு கணக்கு. வீடுகளுக்கு வரும் 'பி' வகை சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு 10 லிட்டர். அழுத்தமானி 150 காட்டினால் உள்ளே ஏறத்தாழ 1500 லிட்டர் ஆக்சிஜன் உண்டு. நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் அது பன்னிரண்டரை மணி நேரம் வரும். மானி 50 காட்டும்போது எஞ்சியிருப்பது நான்கு மணி நேரத்துக்கு மட்டுமே. அடுத்த சிலிண்டருக்குச் சொல்லியனுப்ப வேண்டிய வேளை அதற்கும் முன்னதாகவே வந்துவிடுகிறது.