நெடுந்தூர ஓட்டமும் நெல்லிக்கனியும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆகிய நகரங்களுக்கிடையே ஆண்டுதோறும் 'காம்ரேட்ஸ்' என்னும் ஓட்டப்பந்தயம் நடைபெறுகிறது. 1921ஆம் ஆண்டு தொடங்கிய இப்பந்தயத்தின் தொலைவு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். (1860 முதல் கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் டர்பனில் இன்றும் வாழ்கின்றனர்.)

இத்தகைய ஓட்டங்களுக்குப் பின் வீரர் பலர் சளியாலும் தொண்டைவலியாலும் துன்புறுவதை மருத்துவர்கள் கண்டனர். கேப் டவுனில் 1982ஆம் ஆண்டு நடந்த 56 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பிந்தைய இரு வாரங்களில், ஓடியவர்களுள் 33 விழுக்காட்டினருக்கு இவ்வறிகுறிகள் தோன்றின. ஓடாதவர்களுள் 15 விழுக்காட்டினருக்கே தோன்றின. உடல்வலிமை மிக்கோர் நோயுறுவானேன்?

விடையை இரத்தத்தின் வெள்ளையணுக்களில் தேடினர். ஒருவர் விரைந்து ஓடும்போது அட்ரினலின் பெருகுகிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் மண்ணீரலிலும் தங்கியிருந்த வெள்ளையணுக்கள் இரத்தத்தில் கலக்கின்றன. ஓட்டம் முடிந்த ஓரிரு மணி நேரத்தில் லிம்போசைட்டுகள் என்னும் அணுக்களின் எண்ணிக்கை வழக்கமான அளவினும் கீழே இறங்குகிறது. கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுவதால், நியூட்ரோபில்கள் என்னும் அணுக்களோ மேலும் சில மணி நேரம் பெருகியவண்ணம் இருக்கும்.

குறைந்த அணுக்கள் எங்கே சென்றன? அவை அழிந்தன என்றும், அவ்வேளையில் உடல் நோய்க்குத் திறந்த சாளரம் போன்றது என்றும் அறிஞர் சிலர் கருதினர். அண்மைக்கால அறிஞர் பலர் இதனை ஏற்பதில்லை. அவ்வணுக்களுள் பெரும்பாலானவை நுரையீரலுக்கும் குடலுக்கும் காவல் புரியச் சென்றிருக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து. மணி அடித்தபின் விளையாட்டுத் திடலில் மாணவரைக் காணோம் என்பதால் பள்ளியில் மாணவரே இல்லை எனலாமா? அவர்கள் வகுப்பறையில் இருப்பார்கள் அல்லவா! அன்றியும், தொண்டைவலிக்கு வறண்ட காற்றும் கூட்ட நெரிசலும் உறக்கமின்மையும் காரணமாகலாம்.

இனிக் கனிக்கு வருவோம். நியூட்ரோபில்கள் வைட்டமின் சி சத்தினைத் தம்முள் மிகுதியாகச் சேமித்து வைப்பவை. கிருமிகளைக் கொல்ல அவை வெளியிடும் கடும் வேதிப்பொருள்கள் அவற்றையே தாக்காதவாறு இச்சத்து காக்கிறது. காம்ரேட்ஸ் வீரர்களிடம் செய்யப்பெற்று 1993இல் வெளியான ஆய்வொன்றில், சிலர் பந்தயத்திற்கு முன் 21 நாள் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டனர். அவர்களுள் 33 விழுக்காட்டினர்க்கே சளி முதலிய தொல்லைகள் வந்தன. சத்தற்ற போலி மாத்திரை உண்டவர்களுள் 68 விழுக்காட்டினர்க்கு வந்தன. ஓட்டவீரர், பனிச்சறுக்கு வீரர், கடுங்குளிரில் பயிலும் படைவீரர் என 598 பேரை உள்ளடக்கிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்து நோக்கியபோதும், சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தமை தெரிந்தது. கடும் உழைப்பில்லாத பொதுமக்களிடம் இப்பயன் காணப்படவில்லை.

வைட்டமின் சி மிகுந்த தலையாய கனிகளுள் நெல்லியும் ஒன்று, கொய்யாவும் குறைந்ததன்று. ஆனால் மேற்கண்ட ஆய்வில் வீரர்கள் உண்டது மாத்திரையே, நெல்லிப்பொடியன்று. மூலிகைக் கனிச்சாறு கண்ணாடிக் கிண்ணத்திலுள்ள அணுக்களைத் தூண்டியது என்பதால், அது ஓடிக் களைத்த உடலிலும் அவ்வாறே செயற்படும் என்று கொள்ள இயலாது. டப்பாக்களின் மேல் அச்சிட்ட சொற்களை இந்நோக்கிலேயே படித்தல் வேண்டும். மேலும், வைட்டமின் சி வெப்பத்தால் சிதையும் இயல்புடையது.

மிகுதியாக உண்பதும் நன்றன்று. நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, வைட்டமின் ஈ சத்துடன் சேர்த்து உண்டவர்களுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளுள் சில கிட்டாமற் போயின என 2009இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. ஓட்டத்தின்போது மாவுச்சத்து உண்டால் கார்ட்டிசால் மிகுவது தணிகிறது. அதற்கு வாழைப்பழமே போதும். 75 கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு அது விலையுயர்ந்த சர்க்கரைப் பானத்திற்கு இணையாக உதவியது.

சொற்பொருள்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்
சாளரம் – சன்னல்
தலையாய – முதன்மையான

பயிற்சி
1. லிம்போசைட்டுகள் குறைவது பற்றிய இருவேறு கருத்துகளை எழுதுக.
2. 'குறைந்ததன்று' – பிரித்து எழுதுக.
3. உங்கள் வீட்டிலுள்ள சத்துப்பொடி டப்பா ஒன்றின் மேல் அச்சிடப்பட்டுள்ள கூற்றுகளைத் தமிழில் எழுதி, அவற்றை நம்புவதற்கு எத்தகைய ஆய்வு தேவை எனக் கூறுக.